1984: இரண்டாம் இடத்திலிருந்து கேளுங்கள்

கேள்வி: என் கணவர் 1984-இல் பிறந்தவர், ஆங்கிலப் பாட்டு என்றால் உயிர். பிறந்தநாளுக்குக் கொடைக்கானல் போகிறோம். காரில் போட, அவர் பிறந்த வருடத்துப் பாட்டுகளாகவே ஒரு பென் டிரைவ் தயார் செய்து தர ஆசை. எனக்கு அந்தப் பாட்டுகள் அவ்வளவாகப் பழக்கமில்லை, தேடினால் நூற்றுக்கணக்கில் வருகிறது. ஹிட் பட்டியலில் முதலிடம் பிடித்தவற்றை மட்டும் வரிசையாகப் போட்டால் போதுமா?
- வாசகி, திருச்சி

போதாதுங்க. நல்ல பாட்டுகள் இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட வருடம் பாப் இசையில் ரொம்பக் குறைவு. வேறு எந்த வருடம் வந்திருந்தாலும் சுலபமாக மேலே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றும் சில பாட்டுகள், அந்த வருடம் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டன. அவற்றை விட்டுவிட்டு 1984 கிடையாது. அதனால் இரண்டாம் இடத்தில் நின்ற பாட்டு ஒன்று, அதை மறித்துக்கொண்டு நின்ற பாட்டு ஒன்று என்று ஜோடியாகச் சேருங்கள்.

வான் ஹேலன் குழுவின் 'ஜம்ப்' பாட்டில் தொடங்கலாம். கிட்டாருக்குப் பேர்போன எடி வான் ஹேலன் சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டில் கட்டிய பாட்டு அது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஐந்து வாரம் அமெரிக்காவில் முதலிடத்தை விட்டு அசையவில்லை. அந்த ஐந்து வாரத்துக்குள் அதன் கீழே வந்து நின்றவர்களைப் பாருங்கள். ஒன்று, ஜெர்மானியக் குழுவான நேனாவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்'. மேற்கு பெர்லினில் நடந்த ஒரு கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்த அந்தக் குழுவின் கிட்டார்காரர், இவை பெர்லின் சுவரைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்ததில் பிறந்த பாட்டு. பலூனைப் பார்த்துப் பயந்து போரே மூண்டுவிடுகிறது. ஆங்கிலத்திலும் பாடியிருக்கிறார்கள், பிரிட்டனில் அதுதான் முதலிடம் பிடித்தது. ஆனால் அமெரிக்கர்கள் ஒரு வார்த்தை புரியாமலே ஜெர்மன் பாட்டைத்தான் கேட்டார்கள். நீங்களும் ஜெர்மனையே போடுங்கள், அந்தக் குரலின் துடிப்பு ஆங்கிலத்தில் இல்லை. இன்னொன்று, சிண்டி லாப்பரின் 'கேர்ள்ஸ் ஜஸ்ட் வாண்ட் டு ஹேவ் ஃபன்'. ஒரு ஆண், ஆணின் பார்வையில் எழுதிய பாட்டு. வரிகளை மாற்றிப் பெண்ணுடைய பாட்டாகவே ஆக்கிக்கொண்டார் சிண்டி. வீடியோவில் அம்மாவாக வருவது அவருடைய சொந்த அம்மா.

அப்புறம் கோடைக்காலம். இந்த ஜோடியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் ஏகப்பட்ட பாட்டு எழுதி வைத்திருந்தும், ஆல்பத்தில் ஹிட் ஆகிற மாதிரி ஒன்றுகூட இல்லையே என்று மேனேஜர் சொல்லப்போக, அந்த எரிச்சலிலேயே ஒரே ராத்திரியில் எழுதியது 'டான்சிங் இன் த டார்க்'. ஆட வைக்கிற தாளம், ஆனால் வரிகளைக் கவனித்தால் தன்மேலேயே சலித்துப்போன ஒரு மனிதனின் புலம்பல். நாலு வாரம் இரண்டாம் இடம். முதல் வாரம் மறித்தது டுரான் டுரான் குழுவின் 'த ரிஃப்ளெக்ஸ்', பிறகு பிரின்ஸின் 'வென் டவ்ஸ் க்ரை'. இந்த இரண்டாவதுதான் அந்த வருடத்தின் பாட்டு, அமெரிக்க ஹிட் பட்டியலை வெளியிடும் பில்போர்ட் பத்திரிகையின் வருடாந்தரப் பட்டியலிலும் அதற்கே முதலிடம். எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்துவிட்டுக் கடைசியில், அடியில் கனமாக ஒலிக்கும் பேஸ் கிட்டாரை மொத்தமாக எடுத்துவிட்டார் பிரின்ஸ். ஆட்டப் பாட்டில் பேஸ் இல்லாமலா என்று யாரும் கேட்பார்கள். கார் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள், அந்த வெற்றிடமே நெஞ்சை அடைக்கும். ஸ்ப்ரிங்ஸ்டீன் இதனிடம் தோற்றதில் எந்த அநியாயமும் இல்லை.

பிரிட்டன் பக்கம் போனால் லிவர்பூல்காரர்களான ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட். ஜனவரியில் 'ரிலாக்ஸ்' பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது, பாட்டு நேராக முதலிடத்துக்குப் போய்விட்டது. குயீன் குழுவின் 'ரேடியோ கா கா' இரண்டாம் இடத்தில் நின்றது இதனால்தான். கோடையில் ஃப்ராங்கி குழுவின் 'டூ ட்ரைப்ஸ்' ஒன்பது வாரம் மேலே இருந்தபோது, பழைய 'ரிலாக்ஸ்' மறுபடி ஏறி வந்து இரண்டாம் இடத்தைப் பிடித்தது. தங்களையே மறித்துக்கொண்டார்கள்! காரில் மாமனார் மாமியார், பிள்ளைகள் இருந்தால் 'ரிலாக்ஸ்' வேண்டாம், பாட்டு படுக்கையறை விஷயம். 'டூ ட்ரைப்ஸ்' போடுங்கள்.

டிசம்பரில் வாம்! குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. அதை மறித்தது, எத்தியோப்பியாவின் பஞ்சத்துக்காக பாப் கெல்டாஃப் நட்சத்திரங்களைத் திரட்டி லண்டனில் பதிவு செய்த பேண்ட் எய்ட் பாட்டு, 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்மஸ்?'. அதில் வாம்! பாடகர் ஜார்ஜ் மைக்கேலும் பாடியிருக்கிறார், 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' ராயல்டியையும் அந்த நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார். 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' பிரிட்டனில் முதல்முறையாக முதலிடம் பிடித்தது 2021 ஜனவரியில். ஜார்ஜ் மைக்கேல் 2016 கிறிஸ்மஸ் அன்றே இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இரண்டில் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'தான் நல்ல பாட்டு. பேண்ட் எய்ட் நல்ல காரியம், பாட்டாக எனக்கு அது சுமார்தான்.

ஜோடியில்லாமல் தனியாக ஒன்று சேர்க்க வேண்டுமென்றால் டினா டர்னரின் 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்'. காலம் முடிந்துவிட்டது என்று பலரும் ஒதுக்கிய பாடகி, 44 வயதில் அமெரிக்க முதலிடம். அலட்சியமாகத் தொடங்கி வலியாக மாறும் அந்தக் குரலுக்காகவே கேட்கலாம்.

ஆப்பில் 1984 என்று தேடினால் லெனர்ட் கோஹனின் 'ஹல்லேலூயா'வும் வரும். அது வந்தது அந்த டிசம்பரில்தான், ஆனால் அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்கக் கம்பெனி அந்த ஆல்பத்தை வெளியிடவே மறுத்துவிட்டது. அருமையான பாட்டு, இந்த பென் டிரைவில் மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. '80-களின் ஹிட்ஸ்' என்று வரும் மலிவுத் தொகுப்புகளில் பல பாட்டுகள் பின்னாளில் திரும்பப் பாடிப் பதிவு செய்தவை. ஒவ்வொன்றையும் அந்தந்தக் கலைஞரின் ஆல்பத்திலிருந்தே எடுங்கள். ஆங்கிலப் பாட்டில் ஊறியவர், முதல் பத்து நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.