காந்தம், அணு, கரு: குவாண்டம் பற்றி நீங்கள் கேட்டவை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்கு வர வேண்டிய இடத்தில் கணக்கைத் தந்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் குவாண்டம் ஏதோ மந்திரம் போலத் தெரியும்.

கல்லடி, உயர்தர மாணவி: சேர், இலத்திரன் கருவைச் சுற்றுவதால் சின்ன மின்னோட்டம் உண்டாகி காந்தம் வருகிறது என்று படித்தோம். அப்படியென்றால் எல்லாப் பொருளும் காந்தமாக இருக்க வேண்டுமே?

சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள் மகள். அந்தப் படத்தை நம்பிக் கடைசிவரை கணக்குப் போட்டால் ஒரு பொருளும் காந்தமாகாது. காந்தப்புலம் ஓடும் மின்னேற்றத்தின் திசையைத் திருப்புமே தவிர, அதன்மீது வேலை செய்யாது. ஆகவே சக்தி மாறாது. சக்தி மாறாவிட்டால், வெப்பச் சமநிலையில் சராசரி எடுக்கும்போது புலம் இருந்த தடயமே போய்விடும். நீல்ஸ் போர் 1911இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்விலும், ஹென்ரிக்கா வான் லீவன் 1919இல் தனியாகவும் இதை நிறுவினார்கள். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பழைய பௌதிகவியலால் விளக்கவே முடியாது.

இலத்திரனுக்கு ஸ்பின் என்ற உள்ளார்ந்த காந்தத்தன்மை இருப்பது ஒரு பாதி விடை. மற்றப் பாதிதான் அழகானது. இரும்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களின் காந்த விசை மிகச் சிறியது. அதை மட்டும் நம்பியிருந்தால் 1 கெல்வின் அளவிலேயே ஒழுங்கு குலைந்துவிடும். ஆனால் இரும்பு 770 செல்சியஸ் வரை காந்தமாகவே நிற்கிறது. அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? மின் தள்ளுவிசையிலிருந்து! இரண்டு இலத்திரன்களை இடம் மாற்றினால் அவற்றின் அலைச்சார்பு (எங்கே, எப்படி இருக்கலாம் என்பதைச் சொல்லும் கணிதச் சார்பு) குறி மாற வேண்டும் என்பது பவுலி விதி. ஸ்பின்கள் ஒரே திசையில் இருந்தால், அந்தக் குறிமாற்றத்தை இடம் சார்ந்த பகுதிதான் ஏற்க வேண்டும். அப்போது இலத்திரன்கள் ஒன்றையொன்று விலகியே இருக்கும், தள்ளுவிசைச் சக்தியும் குறையும். ஹைசன்பேர்க் 1928இல் இதைக் காட்டினார். இதற்குப் பரிமாற்ற இடைத்தாக்கம் என்று பெயர். இரும்பில் இலத்திரன்கள் உலோகம் முழுக்க ஓடித் திரிவதால் முழுக் கதை இன்னும் சிக்கலானது, ஆனாலும் தொடக்கம் இதுதான்.

ஓட்டமாவடி, ஆசிரியர்: சேர், இந்தப் பரிமாற்றத்தைப் பிள்ளைகளுக்குப் பலகையில் செய்து காட்ட ஒரு கணக்கு இருக்கா?

இருக்கு. இரண்டே ஸ்பின் போதும். சக்தியை J S₁·S₂ என்று எழுதுங்கள். J என்பது பரிமாற்றத்தின் வலிமை. இங்கே அது நேர் எண், அதாவது இரும்பைப் போலன்றி எதிர்த்திசையை விரும்பும் சோடி இது. மொத்த ஸ்பின் S என்றால், S₁·S₂ = ½[S(S+1) − 3/2]. இரண்டு ½ ஸ்பின் சேர்ந்தால் S ஒன்றாகவோ பூச்சியமாகவோதான் இருக்கலாம். S = 1 என்றால் சக்தி +J/4, S = 0 என்றால் −3J/4.

இங்கே பிள்ளைகளை நிறுத்திக் கேளுங்கள்: ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சாதாரணமாக வைத்தால் சக்தி எவ்வளவு? −J/4 தான். மிச்ச −J/2 எங்கிருந்து வந்தது? ‘மேல்–கீழ்’, ‘கீழ்–மேல்’ ஆகிய இரண்டும் எதிர்க்குறியோடு கலந்து ஒரே நிலையாவதால் வந்தது. அந்த நிலையில் முதலாவது ஸ்பின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டால் விடையே கிடையாது. சோடிக்குத்தான் நிலை உண்டு, தனி ஆளுக்கு இல்லை. குவாண்டம் காந்தவியல் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் விரிவு என்பதே என் எண்ணம்.

இது வெறும் தாள் கணக்கும் இல்லை. செப்பு அசற்றேற்றுப் பளிங்கில் செப்பு அயன்கள் சோடி சோடியாக இருக்கின்றன. குளிர்விக்கக் குளிர்விக்க அதன் காந்த ஏற்புத்திறன் (வெளிப்புலத்துக்கு எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) கூடி, சுமார் 255 கெல்வினில் உச்சம் தொட்டு, பிறகு பூச்சியத்தை நோக்கி விழுகிறது. எல்லாச் சோடியும் S = 0 நிலைக்கு இறங்கிவிடுவதுதான் காரணம். 1952இல் பிளீனியும் பவர்ஸும் இதே இரண்டு சக்தி மட்டங்களை வைத்துத்தான் அதை விளக்கினார்கள்.

காத்தான்குடி: உம்மாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்காங்க. அதில் கதிர்வீச்சு இருக்கா சேர்?

எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை, பயப்பட வேண்டாம். 1.5 டெஸ்லா இயந்திரம் சுமார் 64 மெகாஹேர்ட்ஸ் வானொலி அலையைத்தான் அனுப்புகிறது. அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் சக்தி அதற்குக் கிட்டவும் இல்லை. உடம்பின் நீரிலுள்ள ஐதரசன் கருக்களின் ஸ்பின்னையே அது திருப்புகிறது. அதிலும் புலத்தின் திசையில் நிற்கும் கருக்கள் எதிர்த்திசையில் நிற்பவற்றைவிடப் பத்து லட்சத்துக்கு ஐந்து அளவு மிகுதி, அந்த மிகுதிதான் படத்தைத் தருகிறது. உம்மாவின் உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்முனை, ஒரு தாய்: வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ‘குவாண்டம் பென்டன்’ ஒன்று தந்திருக்கார். 5ஜி கதிரைத் தடுக்குமாம். மகனுக்குப் போடலாமா?

போட வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 5ஜியைத் தடுக்கும் என்று விற்கப்பட்ட 10 பொருட்கள் அயனாக்கும் கதிர்வீச்சை வெளிவிடுவதாக 2021இல் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை எச்சரித்தது. இப்படியான மாலைகளில் தோரியம், யுரேனியம் கலந்த கனிமத் தூளும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இராப்பகலாகத் தோலில் உரசிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. உடைக்காமல் ஒரு உறையில் கட்டி, பிள்ளைகள் புழங்காத இடத்தில் வைத்துவிடுங்கள். மருத்துவமனை ஸ்கேனுக்குப் பயந்துகொண்டு இதைக் கழுத்தில் போடுவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

களுவாஞ்சிகுடி: யுரேனியமும் அல்பா விடுகிறது, பொலோனியமும் விடுகிறது. ஒன்றுக்கு கோடிக்கணக்கான வருடம், மற்றதுக்குக் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

அல்பா என்பது இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த துணிக்கை. யுரேனியம்-238இன் அல்பாத் துணிக்கைக்கு 4.2 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தி, அரைவாழ்வுக்காலம் (பாதிக் கருக்கள் சிதைய எடுக்கும் காலம்) 450 கோடி ஆண்டு. பொலோனியம்-212க்கு 8.8 மெகா இலத்திரன்வோல்ற்று, அரைவாழ்வுக்காலம் 0.3 மைக்ரோ செக்கன். சக்தி இரண்டு மடங்கு, காலமோ 10²³ மடங்குக்கு மேல் வேறுபடுகிறது.

கருவைச் சுற்றியுள்ள மின் தடை 25 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கும் மேல் உயரமானது. பழைய கணக்கின்படி இரண்டுமே வெளியே வர முடியாது. 1928இல் கமோவும், அவரை அறியாமல் கேர்னியும் கொண்டனும், அலைச்சார்பு அந்தத் தடைக்குள்ளும் தேய்ந்தபடி நீள்கிறது என்று காட்டினார்கள். தேய்வது அடுக்குக்குறி முறையில். அதனால் சக்தி கொஞ்சம் கூடினாலே, தடை மெலிந்து, ஊடுருவும் நிகழ்தகவு எக்கச்சக்கமாக ஏறுகிறது. யுரேனியக் கருவுக்குள் அல்பா செக்கனுக்குச் சுமார் 10²¹ தடவை சுவரில் மோதுகிறது என்று வையுங்கள். வெளியே வர ஏறத்தாழ 10³⁸ மோதல் வேண்டியிருக்கிறது. சூரியனின் நடுவில் 1.5 கோடி கெல்வினில் புரோத்தன்கள் ஒன்றுசேர்வதும் இதே ஊடுருவலால்தான்.

வாழைச்சேனை: காந்தமும் இப்படித் தடையை ஊடுருவுமா?

ஊடுருவும். 12 மங்கனீசு அயன்கள் கொண்ட ஒரு மூலக்கூறு மொத்த ஸ்பின் 10 உடைய ஒரே காந்தம் போல நடக்கிறது. 2 கெல்வினில் அது திசை மாற மாதக்கணக்காகும். ஆனால் புலத்தைப் படிப்படியாகக் கூட்டினால், சுமார் 0.45 டெஸ்லாவுக்கு ஒரு தடவை திடீரென்று வேகமாகத் திரும்புகிறது. அந்தப் புலங்களில் தடையின் இரு பக்கத்துச் சக்தி மட்டங்களும் நேருக்கு நேர் வருகின்றன, ஸ்பின் தடையைத் தாண்டாமல் ஊடாகவே போய்விடுகிறது. 1996இல் இது அளக்கப்பட்டது.

அக்கரைப்பற்று: கருவுக்கு 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்கள் எப்படி வந்தன?

புரோத்தனோ நியூத்திரனோ இந்த எண்ணிக்கையில் இருந்தால் கரு மிக உறுதியாக இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர். 20 வரை சாதாரணக் கிண்ண வடிவ அழுத்தசக்தியை வைத்தாலே வந்துவிடும். அதற்கு மேலே கணக்கு பிழைத்தது. மரியா கெப்பெர்ட் மேயரிடம் ஃபேர்மி, ‘ஸ்பின்–ஓபிற் இணைப்புக்கு அறிகுறி ஏதும் உண்டா’ என்று கேட்ட ஒரு கேள்வியில் முடிச்சு அவிழ்ந்தது. துணிக்கையின் ஸ்பின்னுக்கும் அது சுற்றும் இயக்கத்துக்கும் இடையிலான தொடர்புதான் அந்த இணைப்பு. அணுவில் அது சிறு திருத்தம், கருவில் பெரியது, குறியும் எதிர். அதைச் சேர்த்ததும் 28இலிருந்து 126 வரை தானாக விழுந்தது. யென்சனும் அதே 1949இல் தனியாக அங்கே வந்துசேர்ந்தார். இருவருக்கும் 1963இல் நோபல் பரிசு.

சம்மாந்துறை, இறுதியாண்டு மாணவர்: தியரி செய்ய ஆசை சேர். என்னிடம் ஆய்வுகூடம் இல்லை, ஒரு பழைய லெப்டொப் மட்டும்தான். ஏதும் நடக்குமா?

நடக்கும் தம்பி. ஓட்டமாவடி ஆசிரியருக்குச் சொன்ன கணக்கை வளையமாக நீட்டுங்கள். நான்கு ஸ்பின் வளையத்தின் மிகத் தாழ்ந்த சக்தி −2J, அதாவது ஒரு ஸ்பின்னுக்கு −0.5J. முடிவிலி நீளச் சங்கிலிக்கு, பெத்தே 1931இல் தாளில் கண்ட முறையை வைத்து ஹுல்தேன் 1938இல் பெற்ற விடை ஒரு ஸ்பின்னுக்கு (¼ − ln 2)J, அதாவது −0.4431J. இடையில் உள்ள தூரத்தை நீங்கள் நடக்கலாம்.

ஒவ்வொரு ஸ்பின் கூடும்போதும் நிலைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். 10க்கு 1,024, 20க்கு 1,048,576, 40க்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல். அந்த 40இன் ஒரு நிலையை எழுதி வைக்கவே சுமார் 8.8 டெராபைட் வேண்டும். இந்தத் துறையில் மூளை செலவாவது இந்தச் சுவரைச் சுற்றிப் போகத்தான். மேல், கீழ் ஸ்பின்கள் சமமாக உள்ள நிலைகளை மட்டும் எடுத்தால் 20 ஸ்பின்னுக்கு 184,756தான், உங்கள் லெப்டொப் தாங்கும். பிறகு ஸ்பின் 1 வளையத்துக்கு மாறி, முதல் இரண்டு மட்டங்களின் இடைவெளியை நீளத்தோடு வரையுங்கள். ஸ்பின் ½இல் அது பூச்சியத்துக்குப் போகும், ஸ்பின் 1இல் 0.41J அளவில் நின்றுவிடும். ஹோல்டேன் 1983இல் சொன்னபோது பலர் நம்பவில்லை, 2016இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

ஆறு ஸ்பின்னில் தொடங்குங்கள். மேல், கீழ் சமமான நிலைகளை மட்டும் எடுத்தால் 20×20 தாயம் (matrix), பைத்தன் நிரலில் ஒரு பக்கம்கூட வராது. இரண்டு ஸ்பின் இடம் மாறும் உறுப்புக்கு J/2 போட மறக்க வேண்டாம். −2.803J வந்தால் சரி. −2.494J வந்தால், ஆறாவதை முதலாவதோடு இணைத்து வளையத்தை மூடவில்லை.