அண்ணனின் சனிக்கிழமை

கேள்வி: எங்கள் குடும்பம் இராமேசுவரத்தைச் சேர்ந்தது. நான் மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐப்பசியில் ஒரு சனி, ஞாயிறு பார்த்து, அண்ணன் தங்கை குடும்பங்களும் சித்தப்பா பிள்ளைகளுமாகப் பதினான்கு பேர் கொடைக்கானல் போய், ஏரியில் ஒரு நாள் முழுக்கப் படகு விட்டு வரலாம் என்று திட்டமிட்டேன். வேனில் போய்வர, குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று பேச்சு. விசைப்படகில் டிரைவராக இருக்கும் அண்ணனுக்குச் சனிக்கிழமை தொழில் இருப்பதால் அவர் வரவில்லை, அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அவர் பணத்தை முதல் நாளே அனுப்பிவிட்டார். மற்றவர்கள்தான் இன்று, நாளை என்று இழுக்கிறார்கள். தங்கையின் கணவரோ, கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஏரி எம்மாத்திரம், லைஃப் ஜாக்கெட் எதற்கு என்று கேலி பேசுகிறார். இவர்களை வழிக்குக் கொண்டுவருவது எப்படி? அல்லது பயணத்தையே கைவிட்டுவிடலாமா?

பதில்: தம்பி, வேனுக்குப் பணம் சேரவில்லை என்ற குறையோடு எனக்கு ஆண்டுதோறும் கடிதங்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஒரு தேதி குறித்து, அதற்குள் பணம் தராதவருக்கு இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். மனக்கசப்பு வருமே என்று அஞ்சுகிறவர் வேன் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கவே கூடாது. இந்தப் பேச்சை இத்துடன் விடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் வேறு.

அண்ணனுக்குச் சனிக்கிழமை தொழில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அவருடைய பணம் வந்து சேர்ந்த செய்திக்குத் தாவிவிட்டீர்கள். உங்கள் ஊர் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்கள்தாம் கடலுக்குப் போகின்றன, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுக்கு உரியவை என்பதை, அந்தத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு வெளியூர்க்காரியான நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சனிக்கிழமை காலை மீன்வளத் துறையிடம் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்படுகிற படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த நீங்கள், அண்ணனால் வரவே முடியாத நாளைப் பார்த்துக் குறித்துவிட்டு, அவர் வரவில்லை என்று எழுதுகிறீர்கள். அவரை வர முடியாதபடி செய்தவர் நீங்கள்.

‘ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வந்தால் என்ன’ என்று உங்களில் ஒருவர் நிச்சயம் கேட்டிருப்பார். வாரத்துக்கு மூன்றே நாள் தொழில் உள்ளவர் ஒரு நாளை விட்டால், அந்த வாரத்து வரும்படியில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அவரோ டிரைவர். அவர் வராவிட்டால் மாற்று ஆள் அமைய வேண்டும், அமையாவிட்டால் படகு கரையில் கிடக்கும், அவரை நம்பிக் கடலுக்குப் போகிற நான்கைந்து பேரின் வீடுகளிலும் அன்றைய பங்கு இல்லாமல் போகும். உங்களுக்கு நிறுவனம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது, ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். இருந்தும் உங்கள் விடுப்பில் ஒரு நாள்கூடக் குறையாத வகையில்தான் நாள் பார்த்திருக்கிறீர்கள். வார இறுதி என்பது அலுவலகம் போகிறவர்களின் நாட்காட்டியில் இருக்கிற சொல், அந்த வீட்டில் உங்களுக்கு முன் பிறந்தவரின் நாட்காட்டியில் அது கிடையாது.

அண்ணியைப் பற்றி நீங்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. கணவர் கடலில் இருக்கிற இரவில், எல்லைப் பக்கம் இலங்கைக் கடற்படை எந்தப் படகைப் பிடித்தது என்ற செய்தி எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் கண்விழித்துக் கிடக்கிற வழக்கம் உங்கள் கரையிலுள்ள பெண்களுக்கு உண்டு. வீட்டிலிருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அவரை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய், குளிரில் ஒரு விடுதி அறையில் கைபேசியைப் பார்த்தபடி உட்கார வைக்கப் போகிறீர்கள். கொழுந்தனாரும் நாத்தனாரும் மனம் கோணக் கூடாதே என்று சரி சொல்லியிருப்பார். உடன்பிறந்தவர்கள் கூடிக் களிப்பதென்றால் மூத்தவருக்குத் தோதான நாளைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் வளைந்துகொடுப்பதுதான் முறை. இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று யாராவது சொன்னால், அப்படியே இருக்கட்டும் என்பேன்.

இனி உங்கள் தங்கையின் கணவருக்கு. கொடைக்கானல் ஏரி, மதுரையில் ஆட்சியராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைநீரைக் கரை கட்டித் தேக்கி உண்டாக்கியது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர்தான். பாய் விரித்து ஓடலாம் என்று எவரேனும் கனவு கண்டிருந்தால், அங்கே வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மிதிபடகும் துடுப்புப் படகும்தாம் என்று சொல்லிவையுங்கள். பாக் நீரிணையோடு ஒப்பிட்டால் அது ஒரு குட்டைதான், ஆனால் குட்டையிலும் ஆள் மூழ்குவதுண்டு. கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருப்பதால் அது உடம்பைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், நல்ல தண்ணீருக்கு அந்தத் தாங்கும் வலு இல்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த நீரில் திடீரென்று விழுந்தால், குளிரில் மூச்சு வாரி இழுக்கும், நீந்தத் தெரிந்தவரே முதல் நிமிடத்தில் தண்ணீரை விழுங்கிவிடுவார். ஓரங்களில் பாசியும் கொடியும் காலைச் சுற்றும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் வருகிற திசை அறிந்து வளர்ந்தவர்களுக்கு, மலைகளுக்கு நடுவே காற்று ஒரு நிலையில் நில்லாமல் சுழன்று திரும்புவது புதிது. ஆகவே குழந்தை முதல் பெரியவர் வரை லைஃப் ஜாக்கெட்டை வார் இறுக்கிக் கட்டிய பிறகே படகில் கால் வைக்க வேண்டும். படம் எடுக்க எழுந்து நிற்கிறவரை அடுத்த படகில் ஏற்றக் கூடாது. இதையெல்லாம் அதட்டிச் சொல்லி, எந்தப் படகில் யார் உட்காருவது என்று எடை பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் உங்கள் பதினான்கு பேரில் எவருமில்லை. தெரிந்த ஒருவரைத்தான் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

பயணத்தைக் கைவிட வேண்டாம், தேதியைக் கைவிடுங்கள். ஐப்பசியில் கொடைக்கானலில் மழையும் மூடுபனியும் எதையும் பார்க்க விடாது, அந்த வகையிலும் உங்கள் தேர்வு சரியில்லை. வியாழன், வெள்ளியில் போகலாமே என்று தோன்றும். வியாழக்கிழமை காலை கரை ஏறியவரை அன்றே மலைக்கு ஏற்றி, வெள்ளி நள்ளிரவில் இறக்கி, சனிக்கிழமை மறுபடி கடலுக்கு அனுப்புவது வதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் மே மாதம் விடுமுறை. அப்போது கொடைக்கானலில் கூட்டம் நெரியும் என்பது உண்மைதான், ஆகையால் சனி, ஞாயிறைத் தவிர்த்து ஒரு செவ்வாய், புதன் பாருங்கள், அலுவலகத்துக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுங்கள். 2024 மே 7 முதல் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பதால், வேன் எண் உறுதியானதும் அதற்குப் பதிந்துவிடுங்கள். தடைக்காலத்தில் உங்கள் அண்ணன் கையில் காசு இருக்காது. அவருடைய குடும்பத்துக்கான பங்கை நீங்களும் தங்கையும் பிரித்துக்கொள்ளுங்கள், அதை மற்றவர்கள் முன்னிலையில் சொல்லிக்காட்டாதீர்கள்.

அவர் அனுப்பிய 6,000 ரூபாய் உங்களிடம் இருக்கிறது. கைபேசியில் அனுப்பினார் என்பதற்காக அதே வழியில் திருப்பி அனுப்ப வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை அவர் கரையில் இருப்பார். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு இராமேசுவரம் போய், பணத்தை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு, எந்தத் தேதி தோதுப்படும் என்று அண்ணனிடம் கேளுங்கள். வேன்காரரிடம் பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.