காப்பிரைட் முடிந்த ஓவியத்தை இன்னொருவர் டிரேட்மார்க் செய்துவிட்டால் நாம் அச்சடித்து விற்கக் கூடாதா?

நீங்களும் பழைய ஓவியத்தை வைத்து ஏதோ விற்கிறவராகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் விற்கலாம். ஆனால் வம்பு வரும், எனக்கு வந்தது.

நான் நோட்டுப் புத்தக அட்டை வடிவமைக்கிறேன். ஓவியர் இறந்து நூறு வருடம் தாண்டிய ஒரு மீன்கொத்தி ஓவியம். ஸ்கேனில் இருந்த கீறலையும் பழுப்புப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக நீக்கவே நாலு நாள் ஆனது. விற்பனைக்கு வைத்த மூன்றாம் வாரம், விற்பனைத் தளத்திலிருந்து இரண்டு வரி மெயில்: டிரேட்மார்க் மீறல், பொருள் நீக்கப்பட்டது. யாருடைய மார்க் என்றுகூடச் சொல்லவில்லை.

டிரேட்மார்க் பதிவேட்டில் தேடினேன். அதே மீன்கொத்தி, அதே சாய்ந்த அலகு. டிரேட்மார்க்கை எந்தப் பொருளுக்கு என்று வகுப்பு வாரியாகத்தான் பதிவார்கள். ஒரு நிறுவனம் 3ஆம் வகுப்பில், அதாவது சோப்பு, வாசனைப் பொருட்களுக்குப் பதிந்திருந்தது. நோட்டுப் புத்தகம் 16ஆம் வகுப்பு. அதோடு நான் அதை அட்டைப்படமாகத்தான் போட்டேன், என் கடையின் அடையாளமாக அல்ல. சரக்கு யாரிடமிருந்து வருகிறது என்று காட்டுவதுதான் டிரேட்மார்க். அதைப் பதிந்தால் ஓவியமே அவர்கள் சொத்தாகிவிடாது.

'நீ வக்கீலா?' என்று கேட்பவர்களுக்கு: இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், மார்க் பிரபலமானதென்றால் வகுப்பு வேறானாலும் சிக்கல் வரலாம். ஆனால் காப்பிரைட்டுக்கு முடிவு உண்டு, டிரேட்மார்க்கைப் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நார்வே சிற்பி கஸ்டாவ் விகெலாந்த் 1943இல் இறந்தார், காப்பிரைட் 2013 முடிவோடு தீர்ந்தது. ஓஸ்லோ நகராட்சி அவர் படைப்புகளை டிரேட்மார்க்காகப் பதியக் கேட்டது. கலைப்படைப்பு என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது, சமூகத்தின் அடிப்படை நலனுக்கு உண்மையான, கடுமையான ஆபத்து என்றால் மறுக்கலாம் என்று 2017இல் எஃப்டா (ஐரோப்பிய தடையற்ற வர்த்தகக் கூட்டமைப்பு) நீதிமன்றம் சொன்னது. கதவை முழுதாகச் சாத்தியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

இன்னொரு கோபமும் உண்டு. தமிழில் காப்பிரைட், பேட்டன்ட், டிரேட்மார்க் மூன்றையும் 'காப்புரிமை' என்றே எழுதித் தள்ளுகிறார்கள். பதிப்புரிமை, வணிகக்குறி என்று சொற்கள் இருக்கின்றனவே! அந்தக் குழப்பத்தில்தான் என் நண்பர் "காப்புரிமை முடிந்துவிட்டது என்று பதில் போடு" என்றார். போட்டேன். புகார் டிரேட்மார்க் பற்றியது என்று நிராகரித்துவிட்டார்கள். வகுப்பு எண்களோடு இரண்டாவது பதில் அனுப்பி, 19 நாள் கழித்துத்தான் மீன்கொத்தி திரும்ப வந்தது.