கருப்பை வாய் கனிவதில் வெள்ளணுக்களின் பங்கு: கேள்வி பதில்

கேள்வி: பிரசவத்துக்கு முன் கருப்பை வாய் இளகுவதில் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு என்ன வேலை?

பதில்: கருப்பை வாயில் தசை குறைவு, கொலாஜன் என்னும் உறுதியான புரத நார்களே மிகுதி. பிரசவத்துக்கு முன் அது இளகுவதையே கனிதல் என்கிறோம். பத்து மாதமும் குழந்தையைத் தாங்கி நிற்கும் அந்த நார்க்கட்டு, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனின் பிடி தளரத் தளர நெகிழ்கிறது. நீரை ஈர்த்துவைக்கும் ஹையலூரோனிக் அமிலம் பெருகி, திசுவில் நீர் சேர்கிறது. அந்த வேளையில் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் உள்ளே புகுந்து, கழிவுகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களாக மாறுகின்றன.

கேள்வி: கொலாஜனைக் கரைப்பவை நியூட்ரோபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள்தாம் என்று படித்தேனே?

பதில்: கனிதல் ஓர் அழற்சி வினை (வெள்ளணுக்கள் திரண்டு திசு வீங்கும் எதிர்வினை) என்று 1981இல் மகப்பேறு ஆய்வாளர் லிக்கின்ஸ் முன்வைத்த கருத்தை ஒட்டி வளர்ந்த விளக்கம் அது. நியூட்ரோபில்களிடம் கொலாஜனைச் சிதைக்கும் நொதி இருப்பதும், இன்டர்லூகின்-8 என்ற சமிக்ஞைப் புரதம் அவற்றை அழைத்து வருவதும் உண்மை. ஆயினும் எலிகளில் நியூட்ரோபில்களைக் குறைத்த பின்னும் பிரசவம் உரிய நேரத்திலேயே நடந்தது. அவை திசுவில் பெருகுவது குட்டிகள் பிறந்த சில மணி நேரத்துக்குள்தான்.

கேள்வி: வலி கண்ட பெண்களின் திசுவில் அவை காணப்பட்டனவே! எலியை வைத்து மறுக்கலாமா?

பதில்: நல்ல தடை. எலியின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பிரசவத்துக்கு முன்பே சரிகிறது. பெண்களுக்கோ நஞ்சுக்கொடி வெளியேறும்வரை அது உயர்ந்தே இருக்கிறது, அதன் செயல்தான் தடைபடுகிறது. ஆகவே எலியின் முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. அதே சமயம், வலி தொடங்கிய பிறகு எடுத்த திசுவில் ஓர் அணுவைக் கண்டதனாலேயே, வாரக்கணக்கில் நடந்து முடிந்த கனிதலை அதுதான் தொடங்கிவைத்தது என்று சொல்லிவிடவும் முடியாது.

கேள்வி: அழற்சி என்றால், அதை அடக்கும் ஐபுபுரோஃபென் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இது உடலே அளவறிந்து நடத்தும் வேலை. அடக்க வேண்டிய நோயன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அவ்வகை மாத்திரைகளால் சிசுவின் இதயத்தை ஒட்டிய இரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடக்கூடும்.

கேள்வி: டைக்ளோஃபெனாக்?

பதில்: அதே வகை, அதே பதில். மருத்துவரைக் கேளாமல் எதையும் விழுங்காதீர்கள்.

கேள்வி: நோய்த்தொற்றால் வரும் குறைப்பிரசவமும் இதே வழியில்தானா?

பதில்: அன்று. 37 வாரம் நிறையுமுன் தொற்றினால் கருப்பை வாய் திறக்கும்போது நியூட்ரோபில்கள் முன்கூட்டியே திரள்கின்றன. இயல்பான கனிதலையும் இதையும் ஒன்றாகக் கருதிச் சிகிச்சை தேடுவது தவறு என்பதை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: பிரசவம் முடிந்ததும் அந்த அணுக்கள்?

பதில்: சிதைந்த நார்த்துணுக்குகளை அகற்றுகின்றன, கிருமிகளைத் தடுக்கின்றன, மேக்ரோபேஜ்களில் ஒரு வகை, திசு மீண்டும் இறுகக் கட்டப்படத் துணைநிற்கிறது.