நண்பர்களை ஏஜென்சிக்கு அறிமுகம் செய்தால் எவ்வளவு கமிஷன் கேட்கலாம்?

கேள்வி: கொழும்பில் கன்ட்ராக்டில் மென்பொருள் வேலை செய்கிறேன். எனக்கு வேலை எடுத்துத் தந்த ஏஜென்சி, "தெரிஞ்ச ஆக்கள் இருந்தா அனுப்புங்கோ, ஆளுக்கு 15,000 தாறம்" என்கிறது. கூட்டிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சீவியை (சுயவிபரக்கோவை) அனுப்பும் முன்பே கேளுங்கள். ஆளின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் கைக்குப் போய்விட்டால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

நிரந்தர வேலைக்கு ஆள் கொடுத்தால் ஏஜென்சி கம்பனியிடம் வாங்குவது பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. 4 இலட்சம் சம்பளத்துக்குப் போகும் ஒருவருக்காக அவர்களுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15,000 என்பது 4 சதவீதம்கூட இல்லை. 15 சதவீதத்தில் தொடங்கி 10க்கு இறங்குவது நியாயமான பேரம், அதாவது 60,000 கேட்டு 40,000க்குச் சம்மதிப்பது. ஒன்றைக் கவனியுங்கள்: "உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம்" என்று எழுத வேண்டாம். கம்பனிக்கு எவ்வளவு கழிவு கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு ஒருநாளும் தெரியவராது. "முதல் மாத மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம்" என்று எழுதுங்கள். அந்தத் தொகையை நண்பரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம்.

அனுப்பும் ஆளும் கன்ட்ராக்ட்காரர் என்றால் கணக்கு வேறு. கிளையன்ட், அதாவது வேலை வாங்கும் கம்பனி, கொடுப்பதற்கும் ஆளுக்குப் போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் மாதாமாதம் ஏஜென்சிக்கு நிற்கிறது. அது எவ்வளவு என்று சொல்லவே மாட்டார்கள், கேட்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை ரூபாய் என்று கேளுங்கள். நாளுக்கு 500 என்றால் 20 நாள் மாதத்துக்கு 10,000, ஆறு மாதத்தில் 60,000. "நீடிப்புக் காலமும் சேர்த்து" என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மூன்று மாதக் கன்ட்ராக்ட் முடிந்ததும் உங்கள் பணமும் நின்றுவிடும். முடிவில்லாமல் கொடுக்க ஏஜென்சி தயங்கும், 12 மாத வரம்புக்கு ஒத்துக்கொள்ளலாம்.

தொகையை விட அதிகமான சண்டை வருவது "இந்த ஆள் எங்களிடம் ஏற்கெனவே இருந்தவர்" என்ற ஒரு வரியில்தான். பெரிய ஏஜென்சிகளின் தரவுத்தளத்தில் கொழும்பு ஐடி ஆட்கள் பாதிப்பேர் எப்போதோ பதிந்திருப்பார்கள். அதனால் முதலில் பெயரை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி, இப்படிக் கேளுங்கள்: "இவர் கடந்த 6 மாதத்தில் உங்களோடு தொடர்பில் இருந்தாரா என்று இரண்டு வேலை நாளில் அறியத்தரவும். பதில் இல்லையெனில் இவர் என் அறிமுகம். இன்றிலிருந்து 12 மாதத்துக்குள் உங்கள் ஊடாக எந்தக் கம்பனியில், எந்தப் பதவியில் சேர்ந்தாலும் கமிஷன் எனக்குரியது." இதற்குச் சம்மதம் என்ற பதில் வந்த பிறகே சீவி போகட்டும். கடைசி வாக்கியம் மிக அவசியம். நீங்கள் சொன்ன வேலைக்கு எடுபடாத ஆளை நான்கு மாதம் கழித்து வேறு இடத்தில் சேர்ப்பது வழமை, அப்போது உங்களை யாரும் நினைப்பதில்லை.

அடுத்தது பணம் வரும் நாள். சேர்ந்தவர் சில மாதத்துக்குள் விலகினால், ஏஜென்சி கம்பனிக்கு மாற்று ஆள் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டியிருக்கும். ஆகவே மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பாதி சேர்ந்த 30 நாளில், மீதி 90ஆம் நாளில் என்று முடியுங்கள். "கிளையன்ட் பணம் தந்ததும்" என்ற நிபந்தனையை மட்டும் ஏற்க வேண்டாம், திகதி எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 1 இலட்சத்துக்கு மேல் கிடைத்தால் 5 சதவீத வரியைக் கழித்துவிட்டுத் தருவார்கள். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினால் வருட வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் சொந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நீங்கள் இப்போது வேலை செய்யும் கிளையன்டின் ஆட்களை வெளியே இழுக்கக்கூடாது என்ற வாசகம் அனேகமாக இருக்கும். பக்கத்து மேசைக்காரரை அறிமுகம் செய்து 40,000 வாங்கப்போய் உங்கள் வேலையே போகலாம். நண்பரின் சம்மதம் இல்லாமல் சீவி அனுப்பாதீர்கள், உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் ஒரு சதமும் வாங்கக்கூடாது. வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம்: 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு ஆள் சேர்ப்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். அந்த உரிம இலக்கத்தைப் பார்க்காமல் யாரையும் அனுப்ப வேண்டாம்.

"15,000தான் எங்கள் கொள்கை" என்று அசையாமல் நின்றால் தொகையை விட்டுவிட்டு, முழுப்பணமும் 30 நாளில் வேண்டும் என்று கேளுங்கள், பலர் இதற்கு இணங்குவார்கள். ஆனால் உங்கள் நாள் கூலியை உயர்த்தும் பேச்சோடு இதை ஒரே கூட்டத்தில் எடுக்க வேண்டாம். "கமிஷன் தாறம்தானே" என்று சொல்லி அந்த உயர்வைத் தள்ளிப்போடுவார்கள்.