டிரில் சார் பதில்கள்: வீட்டு யானை, வெளியூர்ப் பூனை

(கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகளும் மருமகனும் பப்புவா நியூ கினியாவில் லே என்ற ஊரில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே கணக்கு எழுதுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், 'மாமி, குமுல்ஸ் ஜெயிச்சாச்சு!' என்று கத்துகிறார். பின்னால் ஊரே கத்துகிறது. குமுல்ஸ் என்றால் என்ன? கோழிச்சண்டை ஏதாவதா? பயமாக இருக்கிறது.
— வாசகி, கருங்கல்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கோழி இல்லை, ஆனால் பறவைதான். டோக் பிசின் என்று அங்கே ஒரு பொதுமொழி உண்டு. அதில் சொர்க்கப் பறவைக்குக் குமுல் என்று பெயர். அந்த நாட்டுக் கொடியில் சிவப்பின்மேல் மஞ்சளாகப் பறந்துகொண்டிருப்பது அதுதான். (1971-ல் அந்தக் கொடியை வரைந்தது சூசன் கரிக்கே என்ற பள்ளி மாணவி.) அதே பெயரைத் தங்கள் தேசிய ரக்பி லீக் அணிக்கும் வைத்துக்கொண்டார்கள். (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. விதிகளை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.)

800-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது. நாகர்கோவிலில் பஸ் ஏறி களியக்காவிளையில் இறங்குவதற்குள் நம் தமிழ் மூன்று தினுசாகிறது என்று நாம் சிரிப்போம். அங்கே ஒரு மலை ஏறி இறங்கினால் மொழியே வேறு. ஆனால் எந்த மலையில் கேட்டாலும் குமுல்ஸ் ஸ்கோர் தெரிந்திருக்கும்.

1930, 40-களில் தங்கம் தோண்ட வந்த ஆஸ்திரேலியர்களும், இரண்டாம் உலகப் போருக்கு வந்த சிப்பாய்களும் கொண்டுவந்த ஆட்டம் இது. முதலில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் ஆடினார்கள். அப்புறம் உள்ளூர்க்காரர்கள் இறங்கினார்கள். இறங்கியபின் அது வெள்ளைக்காரன் ஆட்டமாக இருக்கவில்லை.

முதல் சர்வதேச ஆட்டம் 1975 ஜூலை 6, தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இங்கிலாந்துடன். 40-12 என்று தோற்றார்கள். ஸ்கோரை விடுங்கள், தேதியைப் பாருங்கள். பப்புவா நியூ கினியா சுதந்திரம் அடைந்தது அதே வருடம் செப்டம்பர் 16-ல். பிள்ளை பிறக்கும் முன்னே தொட்டில் கட்டக்கூடாது என்பார்கள் நம் வீட்டுக் கிழவிகள். இவர்கள் நாடு பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே தொட்டில் கட்டி ஆட்டியும் விட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1977-ல், அதே ஊரில் பிரான்ஸை 37-6 என்று சாத்தினார்கள். அதுதான் முதல் வெற்றி.

பெரிய தலையைச் சாய்த்தது 1986 ஆகஸ்டில். நியூசிலாந்து வந்திருந்தது. கோரோக்காவில் நடந்த முதல் டெஸ்டில் (இரண்டு நாட்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு இங்கேயும் டெஸ்ட் என்றுதான் பெயர்) 36-26 என்று நியூசிலாந்து ஜெயித்தது. ஒரு வாரம் கழித்துப் போர்ட் மோர்ஸ்பியில் 24-22, குமுல்ஸ் ஜெயித்தார்கள். இரண்டே புள்ளி.

எனக்குப் பிடித்தது 1990 மே மாதத்துக் கதை. அதே கோரோக்கா. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் மலையூர். கிரேட் பிரிட்டன் அணி வந்திருக்கிறது. மைதானம் நிறைந்துவிட்டது, உள்ளே இடமில்லாமல் வெளியே நிற்கிறது ஒரு கூட்டம். அதைக் கலைக்கப் போலீஸ் கண்ணீர்ப்புகை போட, காற்று அதை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஆடுகிறவன் கண்ணும் எரிகிறது, பார்க்கிறவன் கண்ணும் எரிகிறது. அந்தப் புகை அடங்கி ஆட்டம் முடிந்தபோது 20-18, பப்புவா நியூ கினியா. நானும் மாவட்டப் போட்டிகளில் கல்லெறி, சோடா பாட்டில் எல்லாம் பார்த்தவன்தான். கண்ணீர்ப்புகைக்கு நடுவில் டெஸ்ட் ஜெயித்தவர்களை வேறெங்கும் கேள்விப்படவில்லை. அடுத்த வாரமே போர்ட் மோர்ஸ்பியில் அதே பிரிட்டன் 40-8 என்று திருப்பிக் கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கிலாந்தில் லீட்ஸ், ஹல் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் கடிதம் போடுவார்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா அம்மா, நான் சொன்ன வெற்றி எல்லாம் சொந்த மண்ணில். வெளியே போனால் கதை வேறு. 1988-ல் உலகக் கோப்பைக்காக ஆஸ்திரேலியாவின் வாகா வாகா என்ற ஊருக்குப் போய் 70-8 என்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1991-ல் இங்கிலாந்தின் விகன் நகரில் 56-4. தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்பார்களே, அதற்கு இவர்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. விதிவிலக்கு 2000-ம் வருட உலகக் கோப்பை. பிரான்ஸில் நடந்த மூன்று குரூப் ஆட்டங்களிலும் பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, டோங்கா மூன்று பேரையும் தோற்கடித்து, காலிறுதியில் வேல்ஸிடம் விழுந்தார்கள்.

பூனையாவதற்குக் காரணம் தைரியக் குறைவு இல்லை. தினமும் இதையே தொழிலாகச் செய்யும் ஆட்களோடு, வேலை முடிந்து சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவன் மோதினால், 60 நிமிடம் சமமாக ஆடுவான், கடைசி 20 நிமிடத்தில் மூச்சு வாங்கும். சம்பளம் வாங்கி ஆட வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போயாக வேண்டும். போனவர்கள் ஜொலித்தார்கள். ரபவுலில் பிறந்த ஏட்ரியன் லாம் ஒரு பக்கம் குமுல்ஸுக்கும் இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கும் கேப்டனாக இருந்தார். மார்கஸ் பாய் மெல்போர்ன் அணியோடு 1999-ல் ஆஸ்திரேலியக் கோப்பையும், லீட்ஸ் அணியோடு 2004-ல் இங்கிலாந்துக் கோப்பையும் தூக்கினார். ஸ்டான்லி ஜீன் இங்கிலாந்தில் பல கிளப்புகளுக்கு வருடக்கணக்காக ஆடினார். அவர் நிஜ வயது என்ன என்பது அங்கே தீராத கேலி. (நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசையோடு வரும் பையன்களை நினைத்துக்கொண்டேன்.)

உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஒரு படிக்கட்டு கிடைத்தது 2014-ல்தான். பி.என்.ஜி. (பப்புவா நியூ கினியா) ஹன்டர்ஸ் என்ற கிளப் குயின்ஸ்லாந்துப் போட்டியில் சேர்ந்தது, 2017-ல் கோப்பையையே வாங்கியது. அதே வருடம் உலகக் கோப்பையின் மூன்று ஆட்டங்கள் போர்ட் மோர்ஸ்பியில் நடந்தன. வேல்ஸ் 50-6, அயர்லாந்து 14-6, அமெரிக்கா 64-0. மூன்றும் வெற்றி. உடனே மெல்போர்னுக்குப் போய் இங்கிலாந்திடம் 36-6 தோல்வி. யானை, பூனை! 2019-ல் கிரேட் பிரிட்டன் மறுபடி போர்ட் மோர்ஸ்பி வந்தது. 28-10, குமுல்ஸுக்கே.

மருமகனிடம் அடுத்த ஞாயிறு 'கோரோக்கா 1990' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் வந்திருந்தாலும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அங்கே புவாய் என்று நம் பாக்கைச் சுண்ணாம்போடு ஊரே மெல்லுகிறது.

கேள்வி: சென்ற இதழில் ரக்பிக்குப் பக்கத்துக்கு 15 பேர் என்று எழுதியிருந்தீர்கள். லீட்ஸில் நர்ஸாக இருக்கும் என் தங்கச்சி 13 என்கிறாள். யார் சரி?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டு பேரும் சரி. அது தெரியாமல் எழுதியதால் நான் கொஞ்சம் கூடுதல் தப்பு. அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதை இது. இங்கிலாந்தின் வடக்கே ரக்பி ஆடியவர்கள் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அதற்கு நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈடு கொடுங்கள் என்றார்கள். காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்றது தெற்கத்திப் பெரிய மனிதர் கூட்டம். பசிக்காதவனுக்குத்தானே கௌரவம் பேச நேரம். 1895 ஆகஸ்ட் 29-ல் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வடக்கத்திக் கிளப்புகள் தனிக்குடித்தனம் போய்விட்டன. போனவர்கள் 1906-ல் ஆளை 13 ஆகக் குறைத்தார்கள். அது லீக். பழைய வீட்டில் இருந்தது யூனியன், அங்கே இன்றும் 15.

கபடி தெரிந்தவருக்கு லீக் சுலபமாகப் புரியும். கபடியில் பாடிப் போனவனை அமுக்கினால் அவன் அவுட். லீக்கில் பந்தோடு ஓடுகிறவனை அமுக்கினால் அவுட் இல்லை. எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னே உருட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். ஆறாவது தடவை அமுக்கினால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். கையால் முன்னே எறியக்கூடாது, பின்னால்தான் தர வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் 4 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2.

யூனியனிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை, அந்த ஊர் கிளப் மூடியபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. தங்கச்சியிடம் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பீற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: குமுல்ஸ் ஆஸ்திரேலியாவை ஜெயித்ததுண்டா?
— வாசகர், தூத்தூர்

பதில்: இல்லை. ஒரு தடவைகூட இல்லை. தூத்தூர்க்காரர் நீங்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூடாது. உங்கள் கடற்கரையில் மணலில் கால்பந்து உதைக்கும் பையன்கள் பிரேசிலை ஜெயித்துவிட்டா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார்கள்?

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. புத்தகம் எடுப்பதில்லை, எந்நேரமும் பந்து. இயற்பியலில் 42 மார்க். விளையாட்டு சோறு போடுமா சார்?
— வாசகர், தக்கலை

பதில்: இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு வருகிறது. இன்றைக்குக் குமுல்ஸ் பேச்சாகவே இருப்பதால் ஜஸ்டின் ஓலமைச் சொல்கிறேன். சிம்பு மலைப்பக்கத்துப் பையன். கருங்கல் அம்மாவின் மருமகன் இருக்கிற அதே லே நகரில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கினார். ஹன்டர்ஸ் அணியில் ஆடி, அங்கிருந்து மெல்போர்னுக்குப் போய், 2020-ல் ஆஸ்திரேலியக் கோப்பை வென்ற அணியில் இருந்தார். 2021-ல் அந்த லீக்கில் சென்டர் என்ற இடத்தில் ஆடுகிறவர்களில் சிறந்தவர் என்ற விருதும் கிடைத்தது. இதை வைத்துப் பையன் உங்களை மடக்கப் பார்ப்பான். ஓலம் படித்து முடித்துவிட்டுத்தான் போனார் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பந்தைப் பிடுங்கி மச்சில் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். நான் என் மகனுக்கு அதைச் செய்தேன். மார்க்கும் ஏறவில்லை, பேச்சும் குறைந்தது.

கேள்வி: பப்புவா நியூ கினியாவில் ரக்பி அணி தொடங்க ஆஸ்திரேலிய அரசு 60 கோடி டாலர் தருகிறதாமே? விளையாட்டுக்கு இவ்வளவா?
— வாசகர், குளச்சல்

பதில்: 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். 10 வருடத்துக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2028-ல் அந்த நாட்டு அணி ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கில் இறங்கும். பணம் விளையாட்டுக்கு மட்டும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். பசிபிக் தீவுகளில் சீனாவின் கை நீளுகிறது, ஆஸ்திரேலியா தன் கையையும் நீட்டுகிறது. டச்சுக்காரன் குளச்சலில் வந்து இறங்கியதும் வெறும் மிளகுக்காக இல்லையே! ஆனால் சீனா, ஆஸ்திரேலியா எல்லாம் பெரியவர்கள் பாடு. இதுவரை சம்பளத்துக்காகக் கடல் தாண்டிய பையன் இனி போர்ட் மோர்ஸ்பியிலேயே தொழில்முறையாக ஆடலாம். 60 நிமிடத்தில் மூச்சு வாங்குகிற வியாதிக்கு அது மருந்து. நம் பக்கத்தில் 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியது. அது ஏழு பேர் ஆடும் யூனியன் வகை, நேரமும் சுருக்கம்.

கேள்வி: சார், உங்க ஸ்கூலுக்குக் கால்பந்து கேட்டதுக்கு ஒரு முட்டைப் பந்து வந்த கதையைப் போன இதழில் சொன்னீங்களே, அந்தப் பந்து இப்போ எங்கே?
— எட்டாம் வகுப்பு மாணவி, திருவட்டாறு

பதில்: ஐந்து கால்பந்து கேட்டோம் மக்களே, நாலும் இந்த ஒன்றும் வந்தன. திருப்பி அனுப்பினால் லாரிக் கூலி நம் தலையில். சரி என்று பையன்களிடம் கொடுத்தேன். எங்கள் மைதானம் முழுக்கச் சரல். கால்பந்து விழுந்தால் எங்கே எழும்பும் என்று தெரியும். இது ஒரு முறை மூக்குக்கு வரும், அடுத்த முறை முதுகுப் பக்கம் போகும். பையன்கள் ஆட்டத்தைவிட அது எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்தயம் கட்டியதுதான் அதிகம். ஒரு நாள் துள்ளிப் போய்ப் பக்கத்துத் தாமரைக்குளத்தில் விழுந்தது. இலைகளுக்கு நடுவில் இரண்டு நாள் ஊறி, நிறம் செத்துப் பழுப்பாகிவிட்டது. ஓய்வு பெற்ற அன்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டம்மா அதைப் பின்பக்கச் சாய்ப்பில், தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் போட்டுவைத்தாள். போன ஆடியில் தேங்காய் உரிக்க வந்தவர், பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தார். திடீரென்று புஸ்ஸென்று ஒரு சத்தம். கையில் தொங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரே, இந்தத் தேங்காயில தண்ணி இல்ல, வெறும் காத்துதான் கேட்டியளா."