ஹாம்ஸ்டர் இருக்கட்டும், கூண்டு மட்டும் உங்கள் கைக்கு வேண்டாம்

கர்ப்பமாக இருக்கும்போது, ரெண்டு வருஷமாக வளர்க்கும் ஹாம்ஸ்டரை (எலி இனத்துச் செல்லப்பிராணி) வீட்டில் வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டியதில்லை. ஆனால் நான்காம் மாதம் என்கிறீர்கள், அதனால் இன்றிலிருந்தே கூண்டு கழுவுவது, கையில் எடுத்துக் கொஞ்சுவது எல்லாம் கணவர் வேலை. கூண்டும் படுக்கையறையில் வேண்டாம்.

உங்கள் மாமியார் பயப்படும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைச் சமாச்சாரம். இங்கே கவலை எல்சிஎம்வி என்ற வைரஸ். அது சுண்டெலியிடம் இருப்பது. கடையிலோ உங்கள் வீட்டிலோ சுண்டெலி உலாவினால் ஹாம்ஸ்டருக்கும் தொற்றலாம், பார்த்தால் அது நன்றாகத்தான் இருக்கும். மரத்தூளைக் கிளறும்போது கிளம்பும் தூசியை மூச்சில் இழுத்தாலே நமக்கும் வரலாம். உங்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஃப்ளூ மாதிரி வந்து போய்விடும், ஆனால் கருவைத் தொட்டால் கருச்சிதைவு, குழந்தைக்கு மூளையில் நீர் கோத்தல், பார்வைக் கோளாறு என்று போகலாம். அபூர்வம்தான், ரெண்டு வருஷமாக வீட்டிலேயே இருக்கும் ஹாம்ஸ்டர் என்றால் இன்னும் குறைவு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது சமையலறை மூலையும் பரணும். எலிப்புழுக்கை கிடக்கிறதா என்று கணவர் பார்க்கட்டும். கிடந்தால் துடைப்பம் போடக் கூடாது, தூசி பறக்கும். ப்ளீச் கலந்த தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்கட்டும்.

ஹாம்ஸ்டரை டெஸ்ட் பண்ண அலையாதீர்கள், நெகட்டிவ் வந்தாலும் நம்ப முடியாது. காய்ச்சலோடு தலைவலி, வாந்தி வந்தால் மட்டும் உடனே டாக்டரிடம் போய், வீட்டில் ஹாம்ஸ்டர் இருப்பதை நீங்களாகவே சொல்லுங்கள், அவர்களாக அதைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள்.